பிழைச்சுக்குமா சார், இந்த ஆலமரம்?

முதலில் ஒரு வார்த்தை. யமாதோரி.

பயப்பட வேண்டாம். யமதர்மராஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய மொழியில் 'யமா' என்றால் மலை. 'தோரி' என்றால் எடுப்பது. மலையிலோ காட்டிலோ தானாக முளைத்து, காற்றும் பாறையும் படுத்தின பாட்டில் குள்ளமாகிப் போன மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து போன்சாய் ஆக்குவதற்கு இப்படிப் பெயர். விதை போட்டு வளர்த்தால் ஐம்பது வருஷம் காத்திருந்து பார்க்க வேண்டிய முதுமை, இதில் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். கவர்ச்சி அதுதான். ஆபத்தும் அதுதான். ஐம்பது வருஷ மரத்தை ஐந்தே வாரத்தில் கொன்றுவிடலாம். நான் கொன்றிருக்கிறேன். ஆகையால் யமனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை!

நம் ஊரில் இதற்காக மலை ஏற வேண்டியதில்லை. ஏறவும் கூடாது. ரிசர்வ் காட்டுக்குள் கடப்பாரையோடு போய் ஒரு செடியைப் பெயர்த்தாலும் குற்றம். 1882-ம் வருஷத்து வனச் சட்டம் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. மொட்டை மாடி ஏறினால் போதும். காக்கையும் மைனாவும் ஆலம்பழத்தையும் அரசம்பழத்தையும் தின்றுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து செய்கிற காரியத்தால், காரை விரிசலில், சன்ஷேடு மூலையில், கிணற்றின் உள்சுவரில் எல்லாம் ஆலும் அரசும் இத்தியும் முளைத்துக் கிடக்கின்றன. ஒரு பிடி மண் கிடையாது. கோடையில் சுவர், தோசைக்கல். ஜப்பானில் மலைப்பாறை செய்கிற வேலையை இங்கே நம் வீட்டுச் சுவரே செய்துவிடுகிறது.

விட்டால் அதே மரம் சுவரைப் பிளந்துவிடும். எடுத்தால் சுவரும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். மரம் பிழைக்கும் என்பதில்தான் சிக்கல்.

என் முதல் பலி ஓர் அரச மரம். 2014-ம் வருஷம், சித்திரை மாதம். எங்கள் ஃப்ளாட்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மணிக்கட்டு கனத்துக்கு நின்றது. இரண்டு மணி நேரம் உளி, சுத்தியல். ஆள் கிடைக்கவில்லை என்று நானே பிடித்து இழுத்தேன். 'படக்'கென்று வந்தது. வந்த வேகத்தில் நானும் தொட்டியும் அரசும் ஒன்றாக உட்கார்ந்தோம். கையில் இருந்தது நல்ல தடித்த அடிமரம், முள்ளங்கி மாதிரி இரண்டே வேர். சல்லிவேர் எல்லாம் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

அடுத்து நான் செய்தவற்றைக் கேளுங்கள். எக்ஸிபிஷனில் வாங்கி வைத்திருந்த நீல நிற ஆழமில்லாத பீங்கான் தட்டில் நட்டேன். நல்ல செம்மண், மக்காத சாணி எரு, மேலே ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. காலை, மதியம், சாயந்திரம் மூன்று வேளை தண்ணீர். ஊட்டமாக வெயில் கிடைக்கட்டும் என்று கைப்பிடிச் சுவர் மேல் தூக்கி வைத்தேன். தினமும் காலையில் அடிமரத்தைப் பிடித்து லேசாக ஆட்டி, 'வேர் பிடிச்சிடுச்சா?' என்று விசாரணை வேறு.

பன்னிரண்டாவது நாள் துளிர்த்தது! செம்பு நிறத்தில், பட்டு மாதிரி நாலு இலை. மாடி முழுக்க ஆள் கூட்டி வந்து காட்டினேன். எதிர் ஃப்ளாட் ரிடையர்டு மாமாவுக்குக் காபி. நாலாவது வாரம் அந்த நாலு இலையும் தொங்கிப்போனது. தண்ணீரை அதிகமாக்கினேன். ஐந்தாவது வாரம் பிடுங்கிப் பார்த்தால் ஒரு புது வேர்கூட இல்லை. அடி கறுத்து, அழுகின உருளைக்கிழங்கு வாசனை.

"ஏங்க, நல்லாத்தானே துளிர்த்தது?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் புத்தகம் புத்தகமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பதில் இதுதான். முதல் துளிர் ஏமாற்றுத் துளிர். அடிமரத்துக்குள் அது சேமித்து வைத்திருந்த சத்தை எடுத்து விடுகிற இலை அது. வேர் வந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. ரிடையராகி பி.எஃப். பணத்தில் கல்யாணம் செய்கிற வீட்டைப் போலத்தான். வாசலில் வாழைமரம், மேளம் எல்லாம் இருக்கும். அடுத்த மாச வருமானம் இருக்காது. அந்தத் துளிர் விரிந்து, வெயிலில் நீரை ஆவியாக விட ஆரம்பிக்கும்போது கீழேயிருந்து சப்ளை வேண்டும். வேர் இல்லையென்றால் சேமிப்பு தீர்ந்த அன்றைக்குக் கதை முடிந்தது.

ஜப்பானியர்களுக்கு இந்த ஏமாற்று வேலை நன்றாகத் தெரியும். ஷிகோகு தீவில் இஷிஸுச்சி என்று ஒரு மலை. அதன் செங்குத்துப் பாறைகளில் வளர்ந்த ஷிம்பாகு என்கிற ஜூனிபர் மரங்களை, போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு போய் எடுத்து வந்தார்கள். ஜூனிபர் நம் அரசைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன். வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில், இலை பச்சையாகவே இருக்கும். நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம், பிணத்துக்கு! அதனால்தான் அங்கே கைதேர்ந்தவர்கள் மலையிலிருந்து வந்த மரத்தை வருஷக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பார்கள். கிளையை வளைப்பது, கம்பி சுற்றுவது, அழகான தட்டில் ஏற்றுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

2016-ல் எனக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. சந்தோஷமான வாய்ப்பு என்று சொல்ல முடியாது. மாயவரத்தில் எங்கள் பழைய வீட்டை விற்றோம். அப்பா 2009-ல் போய்விட்டார். அம்மா தனியாக இருந்தாள். மாடிப்படி ஏற முடியவில்லை, கிணற்றில் இறைக்க முடியவில்லை. "சென்னைக்கு வந்துடும்மா" என்று ஏழு வருஷமாகச் சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம்.

கொல்லைப்புறம் கிணற்றை ஒட்டின சுவரில் ஓர் ஆலமரம் இருந்தது. நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே இருந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அரிவாளை எடுத்து அதைக் கழித்துவிடுவார். "ஆலமரத்துல கை வைக்கிறீங்களே" என்று அம்மா வருஷா வருஷம் சொல்லுவாள். "வேரையா தொட்டேன்? முடி வெட்டி விடறேன்" என்பார் அப்பா. முப்பது நாற்பது பொங்கல் இப்படிப் போனதில் அடிமரம் தொடை கனம். உயரம் என்னவோ இரண்டடிதான். போன்சாய் என்ற வார்த்தையே தெரியாத மனிதர் செய்து வைத்த போன்சாய்!

வீட்டை வாங்கினவர் இடிக்கப் போகிறார். அவருடைய கொத்தனார் வந்து பார்த்தார். "வெட்டினா பாவம் சார். ஆசிட் ஊத்திடலாம்" என்றார். அது மட்டும் எப்படிப் பாவமில்லை என்று நான் கேட்கவில்லை. "ரெண்டு நாள் கொடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

இந்தத் தடவை மாதம் ஆடி. இதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. அக்னி நட்சத்திரம் முடிந்து, காற்றில் ஈரம் வந்து, அவ்வப்போது மழை பெய்கிற காலம். ஆல், அரசு வகையறாவுக்கு வேர் விடச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும். சித்திரையில் எடுத்தால் சூடு மட்டும்தான் இருக்கும். நான் முதலில் செய்த தப்பு அதுதான்.

இரண்டு நாள் சுவரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டோம். பழைய சுண்ணாம்புக் காரை, ஊறினால் விட்டுக்கொடுக்கும். சிமென்ட் என்றால் இந்த வேலை நடக்காது. பிறகு மரத்தை இழுக்கவே இல்லை. மரத்தைச் சுற்றியிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தோம். உள்ளே பார்த்தால் ஆச்சரியம்! செங்கல் வரிசைகளுக்கு நடுவே வேர்கள் அப்பளமாகத் தட்டையாகி, மீன் வலை மாதிரி பரவியிருந்தன. தடித்த வேர் ஒன்று சுவருக்குள் ஆழமாகப் போயிருந்தது. அதை ரம்பத்தால் அறுத்தோம். வழவழப்பாக அறுத்த வேரில் புது வேர் கிளம்பும். பிய்ந்த வேர் அழுகும். மற்றபடி மயிரிழை வேர் ஒன்றைக்கூட விடவில்லை. தண்ணீரைக் குடிப்பது தடித்த வேரில்லை, அந்த மயிரிழைதான். தடித்தது வெறும் குழாய்.

ஒரு செங்கல்லை மட்டும் வேர் இறுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. பழங்காலத்துச் சின்னச் செங்கல். கொத்தனார் சுத்தியலை ஓங்கினார். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். "கல்லோடயா சார் கொண்டு போறீங்க?" என்று ஒரு மாதிரி பார்த்தார். தட்டினால் அதிலுள்ள சல்லிவேர் அத்தனையும் போய்விடும். கல்லோடுதான்!

ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பாலிதீன் கட்டி, ராத்திரி ரயிலில் புறப்பட்டோம். கீழ் பெர்த்தில் அம்மா. பெர்த்துக்கு அடியில் ஆலமரம். டிக்கெட் பரிசோதகர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பெருசா?" என்றார். "எங்க வீட்டு ஆலமரம்" என்றாள் அம்மா. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சென்னையில் முதல் வேலை, வரவு செலவைச் சரிக்கட்டுவது. வேர் வரவு. இலை செலவு. வரவில் முக்கால்வாசி சுவரோடு போய்விட்டது என்றால் செலவையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டாமா? கிளைகளைக் குட்டையாக்கி இலைகளைக் கிட்டத்தட்ட எல்லாமே கழித்தேன். நுனிமொட்டு சிலவற்றை மட்டும் விட்டேன். ஆலமரம் இதைத் தாங்கும். (எல்லா மரமும் தாங்காது. ஜூனிபரை இப்படி மொட்டையடித்தால் அன்றைக்கே சஞ்சயனம்.) வெட்டின இடத்தில் பால் வடிந்தது. அது நின்றதும் என்ன தடவுவது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடையில் அதற்கென்று பேஸ்ட் விற்கிறார்கள்.

"முருங்கைப் போத்து நட்டா தலையில என்ன வைப்பாங்க?" என்று கேட்டாள் அம்மா.

சாணி உருண்டை! வெட்டுவாய் காயக் கூடாது, பூஞ்சாணம் ஏறக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். சாணிக்காகத் தெருத்தெருவாக மாட்டைத் தேடி அலைந்தது தனிக் கதை. மஞ்சள்தூள் கலந்து அப்பினேன். ஆலங்கிளையையே போத்தாக நட்டுச் சாலையோரம் மரமாக்கிய ஊர் நம் ஊர். இந்த வித்தையில் பாதி நம் பாட்டிகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

தொட்டி விஷயத்தில் இந்தத் தடவை அழகு பார்க்கவில்லை. துணி துவைக்கிற பிளாஸ்டிக் பேசினில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. செம்மண்ணுக்கும் தடா. ஈரமான களிமண்ணில் காற்றுக்கு இடமில்லை. வேருக்கு மூச்சு விடக் காற்று வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றி ஊற்றி நான் அரசைக் கொன்றது தாகத்தால் அல்ல, மூச்சுத் திணறலால். செங்கல்லை உடைத்துச் சலித்து, பட்டாணி அளவு ஜல்லி நிறைய, கழுவின ஆற்று மணல் கொஞ்சம், இலைமக்கு ஒரு கைப்பிடி. ஊற்றின தண்ணீர் அடுத்த நிமிஷம் கீழே வரவேண்டும். ஆற்று மணலுக்குத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. தங்கம் பவுன் கணக்கில், மணல் பிடி கணக்கில்!

உரம்? ஒரு சிட்டிகைகூட இல்லை. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடி நிறையத் தண்ணீர் விட்டிருக்கிறதல்லவா? வேர் அறுபட்ட மரத்துக்கு டி.ஏ.பி. போட்டாலும் அதுதான் நடக்கும். மரம் சத்தைக் குடிக்காது. உப்பு அதன் தண்ணீரைக் குடித்துவிடும். அரச மரத்தை நான் ஊறுகாய் போட்டிருந்தேன்.

பிறகு, கட்டிப்போடுவது. பேசின் ஓட்டைகள் வழியே கயிறு விட்டு, அடிமரத்தைக் கல்லோடு சேர்த்து ஆடாமல் இறுக்கினேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். புதிதாக வருகிற வேர், சேமியாவைவிட மெல்லிசு. மரம் காற்றில் ஒரு நூல் அசைந்தாலும் அது அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. 'பிடிச்சிடுச்சா?' என்று தினமும் நான் அரசை ஆட்டிப் பார்த்தேனே, பிடிக்க ஆரம்பித்ததை எல்லாம் தினமும் நானே அறுத்துக்கொண்டிருந்தேன்!

மேலே ஜவுளிக்கடைப் பெரிய பாலிதீன் பையைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து, மூலையில் சின்ன ஓட்டைகள். உள்ளே காற்று ஈரமாகவே இருந்தால் மரத்தின் செலவு இன்னும் குறையும். ஆனால் கூடாரத்தின் மேல் நேர் வெயில் படக்கூடாது, உள்ளே இட்லி வெந்துவிடும். மாடிப்படித் திருப்பத்தில் கிழக்கு ஜன்னலுக்கு ஒரு கஜம் தள்ளி வைத்தேன். தண்ணீருக்கு ஒரு ஈர்க்குச்சி. குத்தி ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால், குச்சி ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

அவ்வளவுதான். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

பத்து நாள். ஒன்றுமில்லை. பதினைந்து. ஒன்றுமில்லை. எதிர் ஃப்ளாட் மாமா படியிறங்கும்போதெல்லாம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். பஞ்சகவ்யம் ஊற்று, வேப்பம்புண்ணாக்கு வை, அரிசி கழுவின தண்ணீர் விடு, வெயிலில் வை. "பிழைச்சுக்குமா சார், இந்த ஆலமரம்?" என்று வாட்ச்மேனும் கேட்க ஆரம்பித்தார். நகத்தால் பட்டையை அரை அங்குலம் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பச்சை. உயிர் இருக்கிறது. ஒரே தடவைதான் பார்த்தேன். ஆசைக்கு ஒன்று என்று பத்து இடத்தில் சுரண்டினால் பட்டையே மிஞ்சாது.

அதே நாட்களில் வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. "அம்மா, சாப்பிட்டியா? தூங்கினியா? டி.வி. போடட்டுமா? பார்க்குக்குப் போலாமா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா இரண்டு வாரம் பேசாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "டேய், அந்த மரத்துக்குக் காட்டற பொறுமையைக் கொஞ்சம் எனக்கும் காட்டேன்" என்றாள்.

பத்தொன்பதாவது நாள் அடிமரத்தில் பச்சையாக ஒரு மூக்கு. அப்புறம் நாலு. இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, காபி கொடுக்கவில்லை. ஏமாற்றுத் துளிராக இருக்கலாம். அது விரிந்து, ஒரு மாதம் சும்மா நின்று, பிறகு அதன் நுனியிலிருந்து அடுத்த துளிர் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் கிளம்பியது. கீழே பேசின் ஓட்டை ஒன்றில் வெள்ளையாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. அப்போதுதான் மாமாவுக்குக் காபி.

கூடாரத்தை ஒரே நாளில் எடுத்துவிடவில்லை. ஐ.சி.யூ.விலிருந்து நேரே பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்களா? முதல் வாரம் ஒரு பக்கம் தூக்கி, அடுத்த வாரம் ராத்திரி மட்டும் திறந்து, மூன்றாவது வாரம் முழுக்க எடுத்தேன். அப்படியும் இரண்டு இலை உதிர்ந்தது. வெயிலும் அதே மாதிரி தவணை முறையில்தான்.

டிசம்பர் 12. வார்தா புயல். சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. எங்கள் தெருமுனை தூங்குமூஞ்சி மரம் காரின் மேல் படுத்துக்கொண்டது. அதன் வேரைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாக்கடைச் சுவர், மறுபக்கம் நடைபாதை சிமென்ட். நடுவே தட்டு மாதிரி கொஞ்சூண்டு வேர். நாலு மாதக் குழந்தை எங்கள் ஆல். படிக்கட்டு ஜன்னல் கண்ணாடி சிதறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பேசினோடு தூக்கி ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கரண்ட் இல்லாத மூன்று ராத்திரியும் அம்மாவின் கட்டில் பக்கத்தில்தான் இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா அந்தச் செங்கல்லைத் தடவிப் பார்த்தாள். "இது கிணத்தடிச் செவுத்துக் கல்லுதானே?" என்றாள்.

முதல் உரம் 2017 பங்குனியில். அதுவும் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் கால்வாசி. அந்த வருஷம் முழுக்க வெட்டவில்லை. இலை வளர வளரத்தான் வேர் வளரும். காடாக வளர விட்டேன். "என்னங்க, போன்சாய்னு சொன்னீங்க, புதர் மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. 2018 ஆடியில்தான் பேசினிலிருந்து தூக்கினேன். வேர், ஓமப்பொடி மாதிரி அடர்ந்து பேசின் வடிவத்திலேயே வந்தது. செங்கல்லை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு உபத்திரவம்தான் என்பதால் அன்றைக்குத் தொட்டியை மட்டும் மாற்றினேன். கிளையைத் தொடவில்லை.

கிளையைத் தொட்டது 2019 பொங்கலுக்கு. ஃப்ளாட்டில் வெள்ளையடிக்கிற வழக்கமெல்லாம் இல்லை. இருந்தாலும் போகியன்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். முதல் கிளையில் வைத்திருப்பேன், பின்னாலிருந்து குரல்.

"ஆலமரத்துல கை வைக்கிறியேடா."

"வேரையா தொட்டேன்?" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடு. உங்கப்பா அங்க விடவே மாட்டார்" என்றாள்.